பெல்ட்டைக் குறை சொல்லாதீர்கள்

அண்ணே.

உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு இப்போதும் வாய் வரவில்லை. சின்ன வயதில் ஒரே ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டதற்கு அம்மா வாயிலேயே போட்டாள். அன்றிலிருந்து என்னிடம் உனக்கு இருக்கிற பேர் அண்ணன் மட்டும்தான். தேனி ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் நோயாளி பேர் கேட்டபோதுகூட நான் அண்ணன் என்றுதான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

உன்னிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் கபர்ஸ்தான் சுவருக்கு வெளியே நின்று சொல்லிவிட்டேன். இனி எழுதுவது மற்றவர்களுக்கு.

எங்கள் ஊர் கம்பத்தில் யாரைக் கேட்டாலும் என் அண்ணனை பெல்ட் கொன்றது என்பார்கள். ஜீப் ஸ்டாண்டில் சொல்கிறார்கள், டீக்கடையில் சொல்கிறார்கள், நாற்பதாம் நாள் பாத்தியா ஓதினதுக்கு வந்து சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டேகூடச் சொன்னார்கள். கட்டாமல் இருந்திருந்தால் குதித்திருப்பானாம். அதைச் சொல்லிவிட்டு அவரவர் வண்டியில் ஏறி, பெல்ட்டைப் பூட்டாமல் மலை ஏறுகிறார்கள். என் அண்ணன் செத்தது இவர்களுக்கு ஒரு சாக்காகப் போய்விட்டது. எனக்கு அதுதான் ஆறவில்லை.

நான் எட்டாவது வரை படித்தவள். பைபாஸ் ரோட்டில் எங்கள் குஷன் கடையில் கார் சீட்டுக்கு உறை தைக்கிறவள். எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று யாரும் கேட்க வேண்டாம். அந்த பெல்ட்டை மாட்டும்போது ஸ்பேனரைப் பிடித்திருந்தது என் கை. அந்தத் தகுதி போதும்.

அத்தா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே மௌத்தாகிவிட்டார். அப்பா இல்லாத வீட்டுக்காக அண்ணன் பதினேழு வயதில் வாழைத்தார் லாரியில் ஏறினான். முதலில் கிளீனர், பிறகு டிரைவர். சின்னமனூரில் தார் ஏற்றி, குமுளி வழியாகக் கேரளாவுக்குள் கொண்டுபோய் இறக்குவான். அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது வண்டி ஓட்டின கை அல்ல, கயிறு கட்டின கை. தாருக்கு மேலே கயிற்றைப் போட்டு, பாடியின் அடியில் இருக்கிற கொக்கிக்குக் கீழே இறக்கி, ஒரு காலை டயரில் ஊன்றி இழுப்பான். அவன் கட்டின லோடு அத்தனை வளைவும் ஏறி இறங்கி ஒரு தார் சாயாமல் போய்ச் சேரும். மற்ற டிரைவர்கள் அவனைக் கூப்பிட்டுத் தங்கள் லோடைக் கட்டச் சொல்வார்கள். மேலே இருந்து கீழே இழுத்தால்தான் எதுவும் உட்காரும் என்பது அவன் எப்போதும் சொல்வது.

பிறகு லாரியை விட்டுவிட்டு இந்தக் கடையைப் போட்டான். நான் தைப்பேன், அவன் மாட்டுவான். ஒரு பழைய சின்ன கார் வாங்கினான். வாரம் முழுக்க அதில்தான் ரெக்சின் சுருள் வரும், அதில்தான் அம்மா கண் ஆஸ்பத்திரிக்குப் போவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அது வேறு வண்டி. எல்லைக்கு அந்தப் பக்கம் எஸ்டேட் மைதானத்தில் நடக்கிற சேற்று ரேஸுக்குப் போகும். சாயங்காலம் கண்ணாடி முழுக்கச் செம்மண்ணோடு வந்து நிற்பான். எப்படி இருந்தது என்று கேட்டால் மலையாளத்துக்காரன் மாதிரி "அடிபொளி" என்பான். ஜெயித்தானா என்று கேட்டால் பேச்சை மாற்றுவான்.

அங்கே போய்வந்து ஆசை வந்துதான் ரேஸ் சீட்டும் ரேஸ் பெல்ட்டும் வாங்கினான். சீட் பழையது, இடுப்பைக் கவ்விப் பிடிக்கிற மாதிரி, தோளுக்குப் பக்கத்தில் இரண்டு ஓட்டைகளோடு இருந்தது. பெல்ட் புதியது. பெட்டியைப் பிரித்தால் ஆறு வார். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, காலுக்கு நடுவே வருகிற மாதிரி இரண்டு. ஆறும் நடுவில் ஒரே பூட்டில் வந்து சேரும்.

அண்ணன் கைலி கட்டிக்கொண்டு கார் ஓட்டுகிறவன். கால் நடுவே வருகிற வாரைத் தூக்கிப் பார்த்தான்.

"இத மாட்டிட்டு நான் எப்படி எறங்குறது? பொம்பளைக சிரிக்கும்."

அந்த இரண்டு வாரையும் பெட்டியிலேயே போட்டுவிட்டான். நானும் சிரித்தேன்.

தோள் வாரை எங்கே கட்டுவது என்று வந்தபோது அவன் யோசிக்கவே இல்லை. பின் சீட்டுக்குக் கீழே, தரையில், அங்கே உட்காருகிறவர் பெல்ட்டுக்கான போல்ட் இருந்தது. அங்கன ஏற்கெனவே ஓட்டை இருக்கிறதே என்றான். தோளுக்கு மேலாக வந்து, சீட்டின் முதுகைத் தொட்டுக்கொண்டு, நேராகக் கீழே தரைக்கு. தாருக்குக் கயிறு போடுகிற அதே மாதிரி. நான் வண்டிக்கு அடியில் படுத்து ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டேன், அவன் மேலே இருந்து முடுக்கினான். இடுப்பு வாருக்குப் புதிதாக ஓட்டை போட்டு, கையில் இருந்த சின்ன வாஷரைப் போட்டோம்.

முடித்துவிட்டு உட்கார்ந்து இழுத்து இறுக்கினான். அசையுதா பார் என்றான். நான் அவன் இரண்டு தோளையும் பிடித்து ஆட்டினேன். அசையவில்லை.

"தார் மாதிரியே ஒக்காந்திருக்கண்ணே."

இதை நான் சொன்னேன். சந்தோஷமாகச் சொன்னேன். அவனும் சந்தோஷப்பட்டான்.

கம்பெனி போட்டு அனுப்பிய பழைய பெல்ட்டையும் கழற்றிவிட்டோம். ஒரு ஆளுக்கு ரெண்டு பெல்ட் எதற்கு என்றான். நாடா நல்ல கெட்டி. எனக்கு வீணாக்க மனசு இல்லை. அளவாக வெட்டி அம்மாவின் சந்தைப் பைக்குக் கைப்பிடி தைத்தேன். பெட்டிக்குள் ஒரு பெரிய தாள் மடித்திருந்தது, மேல் மடிப்பில் தெரிந்தது எல்லாம் இங்கிலீஷ். அதன் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதை விரித்து, புதுச் சீட்டின் முதுகுக்கு உறை வெட்ட அளவு வரைந்துகொண்டேன், தோள் ஓட்டை இரண்டையும் சேர்த்து. வேலை முடிந்ததும் மற்ற அளவுத் தாள்களோடு ஆணியில் மாட்டினேன்.

அது நடந்தது ரேஸில் அல்ல. வெறும் புதன்கிழமை, பகல் பதினோரு மணி. குமுளியில் ஒரு கடைக்கு உறை கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தான். லோயர் கேம்புக்கு மேலே ஒரு வளைவில் எதிரே வந்த பிக்கப் வேன் முழுசாக அவன் பக்கம் வந்துவிட்டது. ஒடித்தான். கட்டைச் சுவரில் முன்பக்கம் மோதி நின்றது. பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள், பெரிய அடி இல்லை. ஒரு பக்க விளக்கும் பானெட்டும்தான் போயிருந்தது. முன் கண்ணாடி அப்படியே இருந்தது.

அண்ணன் பேசினான். ஆம்புலன்ஸில் என்னோடு போனில்கூடப் பேசினான். காலைக் காணோம் என்றான். கால் இருக்கிறது, உணர்வு இல்லை. மூன்றாம் நாள் அஸர் தொழுகைக்கு முன்னால் போய்விட்டான். டாக்டர் என்னையும் அம்மாவையும் உட்கார வைத்துச் சொன்னார்: மேலே இருந்து கீழே அமுக்கின மாதிரி முதுகெலும்பு நசுங்கியிருக்கிறது, வயிற்றுக்குள் ரத்தக்கசிவு. எதன் மேலாவது விழுந்தாரா என்று கேட்டார். இல்லை, உட்கார்ந்துதான் இருந்தான் என்றேன். எனக்கு அப்போது விளங்கவில்லை.

நாற்பது நாள் கடையைத் திறக்கவில்லை. நாற்பத்தொன்றாம் நாள் திறந்தேன். அம்மாவுக்கு இஷ்டம் இல்லை. கார் சம்பந்தப்பட்ட எதுவும் வேண்டாம், ஜாக்கெட் தைத்துக்கொள் என்றாள். எனக்கு ஜாக்கெட் தைக்க வராது என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

நான்கைந்து நாள் கழித்து அண்ணனின் கூட்டாளி வந்தார். கம்பம்மெட்டு வழியாக ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப் ஓட்டுகிறவர். அவரையும் நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன், இங்கே ஜீப்பண்ணன் என்று வைத்துக்கொள்கிறேன். அண்ணனிடம் இருந்த அதே ரகச் சின்ன கார் அவரிடமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒன்றாகத்தான் போவார்கள். கையில் ஒரு பை. உள்ளே அண்ணனின் பெல்ட். அடிபட்ட காரை வாங்கின ஆளிடம் போய், சீட்டையும் பெல்ட்டையும் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். சீட் வெளியே ஜீப்பில் இருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ரேஸுக்கு இதை மாட்டிக்கொண்டு போக வேண்டும், அவன் என் கூடவே இருக்கிற மாதிரி இருக்கும் என்றார். கண் கலங்கித்தான் சொன்னார்.

சரி என்றேன். அவ்வளவு அன்பாக ஒருவர் கேட்டால் வேறென்ன சொல்வது? சீட் உறை கிழிந்திருந்தது. புதிதாக வெட்ட, ஆணியில் இருந்து அந்த அளவுத் தாளை எடுத்தேன். மேஜையில் விரிக்கும்போது மறுபக்கம் மேலே வந்துவிட்டது.

மறுபக்கம் எழுத்து மட்டும் இல்லை. படமும் இருந்தது.

உட்கார்ந்திருக்கிற மூன்று ஆள். முதல் ஆளுக்குத் தோள் வார் பின்பக்கமாக நேராகப் போய், தோள் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு குறுக்குக் கம்பியில் கட்டியிருந்தது. பக்கத்தில் சரி என்று குறி. இரண்டாவது ஆளுக்குத் தோள் வார் தரைக்கு இறங்கியது. அவன் மேல் பெரிய பெருக்கல் குறி. தோளில் இருந்து கீழே அம்பு போட்டு, முதுகெலும்பை உடைந்த வளையல் மாதிரி வரைந்திருந்தார்கள். மூன்றாவது ஆளுக்குக் கால் நடுவே வார் இல்லை. அதனால் இடுப்பு வார் மேலே ஏறி வயிற்றில் கிடந்தது. அவன் மேலும் பெருக்கல் குறி.

அந்தப் படத்துக்கு எட்டாவது கூட வேண்டியதில்லை. ஒண்ணாவது போதும். நாங்கள் இருவரும் அதைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. நான் அதன் முதுகில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

போனில் படம் எடுத்துத் தமிழாக்கிப் பார்த்தேன். பாதி வரி குப்புற விழுந்த தமிழாக வந்தது. ஆனாலும் புரிந்தது. வண்டி மோதும்போது உடம்பு முன்னால் பாயும். தோள் வார் பின்னால் இருந்து பிடித்தால் நெஞ்சைப் பிடிக்கும். தரையில் இருந்து பிடித்தால் தோளை அமுக்கும், ஆளைத் தனக்குள்ளேயே நசுக்கும். டாக்டர் கேட்டது அப்போது விளங்கியது. எதன் மேலும் அவன் விழவில்லை. நாங்கள்தான் அவன் மேல் விழுந்தோம்.

நான் ஜீப்பண்ணனிடம் போனேன். வெளியே சீட்டை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இத நான் மாட்ட மாட்டேன்."

"ஏன் புள்ள?"

"இப்படி மாட்டித்தான் அண்ணன் செத்தான்."

அவர் முகம் மாறியது. செத்தவனைக் குறை சொல்லாதே என்றார். அவன் கட்டின லோடு என்றைக்காவது சரிந்திருக்கிறதா என்று கேட்டார்.

"லோடுக்கு முதுகெலும்பு இல்லண்ணே."

அவர் துடைத்த துணியை உதறிச் சீட்டின் மேல் போட்டார். பிறகு, உனக்குப் பயமாக இருந்தால் ஒதுங்கிக்கொள், எனக்கும் போல்ட் முடுக்கத் தெரியும் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து பையை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது. அவர் மாட்டிவிடுவார். அண்ணன் மாட்டின மாதிரியே, ஒரு நூல் மாறாமல் மாட்டுவார். வீட்டில் அவருக்கு இரண்டு பிள்ளைகள்.

பையைப் பிடுங்கினேன். பெல்ட்டை மேஜையில் போட்டேன். மடிப்பில் போட்டிருந்த தையல் பாதி பிரிந்திருந்தது. தைக்கிறவளுக்கு அது தெரியும், ஒரு தடவை அப்படி இழுவை வாங்கின தையலை மறுபடி நம்ப முடியாது. தாளிலும் அதேதான் சொல்லியிருந்தது, ஒரு மோதலைப் பார்த்த பெல்ட் அதோடு சரி. ரெக்சின் வெட்டுகிற பெரிய கத்திரியை எடுத்து இரண்டு தோள் வாரையும் வெட்டினேன். லேசில் அறுபடவில்லை. இரண்டு கையாலும் நெரித்துத்தான் வெட்டினேன். பிறகு இடுப்பு வாரையும் வெட்டினேன்.

ஜீப்பண்ணன் என்னை அடிக்க வருவார் என்று நினைத்தேன். அவர் வெட்டின துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். நிமிர்ந்து பார்த்தால் வாசலில் அம்மா. சந்தைக்குப் போய்விட்டு வருகிறவள். அந்தப் பை அவள் கையில் இருந்தது.

அப்போதே சொல்லிவிட்டேன். தள்ளிப்போட்டால் சொல்லியிருக்க மாட்டேன்.

"அம்மா, பெல்ட்டு கொல்லல. நாங்க கட்டுனது தப்பு. நான்தான் அடியில படுத்து ஸ்பேனர் பிடிச்சேன். கழட்டுன நல்ல பெல்ட்டு இந்தா, ஒன் பையில கெடக்கு."

அம்மா பையின் கைப்பிடியைப் பார்த்தாள். அப்படியே வீட்டுக்கு நடந்துவிட்டாள். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள்.

ஜீப்பண்ணன் அந்த ஞாயிறு போகவில்லை. அடுத்த வாரம் வந்து தாளைக் காட்டச் சொன்னார். மூன்று ஆளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சரி, முறையாகச் செய் என்றார். முறையாகச் செய்தால் பின் சீட் போய்விடும் என்றேன். தோள் வாருக்குப் பின்னால் கம்பி வேண்டும். கம்பி சும்மா நின்றால் போதாது, கூரைக்கு அடியில் வளைந்து இரண்டு பக்கமும் தரையில் இறங்குகிற கனமான குழாயாக இருக்க வேண்டும். இந்த பெல்ட் ஆளை நிமிர்த்தியே வைத்திருக்கும். வண்டி கவிழ்ந்து கூரை இறங்கினால் சாய்ந்துகொள்ளக்கூட முடியாது, அப்போது தலைக்குக் காவல் அந்தக் குழாய்தான். பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது என்று கேட்டார்.

"பிள்ளைக வேணும்னா கம்பெனி பெல்ட்டோட ஓட்டுங்கண்ணே. ரேஸ் வேணும்னா பின் சீட்ட எடுங்க. ரெண்டும் ஒரே வண்டியில வேண்டாம்."

இரண்டு நாள் யோசித்தார். பிள்ளைகளுக்கு ஜீப் போதும் என்று முடிவுசெய்தார்.

மலைக்கு அந்தப் பக்கம், ரேஸ் ஜீப்புக்குக் குழாய் வளைக்கிற பட்டறைக்குப் போனோம். நானும் போனேன். கம்பத்தில் அதற்கும் பேசினார்கள். பட்டறைக்காரர் குழாயின் பாதத்துக்கு வைத்த தகடு எனக்குப் போதுமானதாகத் தெரியவில்லை. சொன்னேன்.

"மோளே, நீ தையல்காரிதானே?"

"ஆமா. மெல்லிசு துணியில பெரிய பட்டன் தச்சா துணிதான் கிழியும். அடியில ஒட்டுத்துணி வைப்போம். தகட்டப் பெருசாப் போடுங்க."

சிரித்தார். ஆனால் பெரிய தகடாகப் போட்டார். பெல்ட் போல்ட் இறங்குகிற ஒவ்வொரு இடத்திலும் அடியில் கனத் தகடு வைத்தோம், சின்ன வாஷர் ஒன்றுகூட இல்லை. தலை படக்கூடிய குழாய்க்கு எல்லாம் கெட்டிப் பஞ்சு சுற்றி நானே உறை தைத்தேன். பெல்ட்டும் சீட்டும் புதிது. ஆறு வாரும் மாட்டினோம். கால் நடுவே வருகிறதுக்குச் சீட்டின் அடியில் ஓட்டை இருந்தது. அண்ணன் சீட்டிலும் அது இருந்தது, நான்தான் அதை உறை போட்டு மூடியிருந்தேன். கைலியோடு வந்தால் இறக்கிவிடுவேன் என்று ஜீப்பண்ணனிடம் சொன்னேன். கம்பெனி பெல்ட்டைத் தொடவில்லை. ரோட்டுக்கு அது, மைதானத்துக்கு இது.

எல்லாம் முடித்து வண்டி கடை வாசலில் நின்ற அன்று அம்மா வந்தாள். அண்ணன் போன பிறகு கடைக்குள் அடி வைக்காதவள். அவன் எப்படி உட்கார்ந்திருந்தான் என்று எனக்குக் காட்டு என்றாள். கையைப் பிடித்து ஏற்றி உட்கார வைத்தேன். சேலையோடு கால் நடுவே வார் முடியாது, மற்ற நாலையும் பூட்டினேன். இடுப்பு வாரைக் கீழே இறக்கி, வயிற்றில் படாமல் எலும்பில் உட்கார வைத்தேன். தோள் வாரை இழுத்தேன்.

"இறுக்குது."

"இறுக்கணும்மா. தோள அமுக்குதா?"

"இல்ல. நெஞ்சத்தான் பிடிக்குது." வாரை விரலால் தடவிக்கொண்டே, "அவனுக்கு அமுக்கியிருக்கும்ல?" என்றாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பெற்றவளுக்கு அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று நினைப்பவர்கள் இருப்பார்கள்.

"ஆமாம்மா. அமுக்கியிருக்கும்."

அம்மா கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கழற்றிவிடச் சொன்னாள், அஸருக்கு நேரமாகிவிட்டது என்று. இறங்கி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, போகிற போக்கில் சொன்னாள்:

"வர்ற வண்டிக்கெல்லாம் இப்படியே பாத்துக் கட்டு. கேக்காதவன் பெல்ட்ட வெட்டு."

மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. அந்தப் பையை மட்டும் இன்னும் தூக்கிக்கொண்டுதான் சந்தைக்குப் போகிறாள்.

ஜீப்பண்ணன் போன மாதம் ரேஸுக்குப் போய் வந்தார். ஒன்றும் ஆகவில்லை. இந்தக் கதையில் எனக்குப் பிடித்த வரி இதுதான்: ஒன்றும் ஆகவில்லை.

அந்தத் தாளைக் கடை வாசலில், படம் தெரிகிற பக்கமாக ஒட்டியிருக்கிறேன். என் பென்சில் கோடு இப்போது சுவர்ப் பக்கம். பெல்ட்டால் செத்தவன் வீட்டில் பெல்ட் மாட்டிக்கொடுக்கிறாள் என்று பேசுகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். பேசட்டும். நின்று அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

இதைப் படிக்கிற எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். என் அண்ணன் நல்லவன், கயிறு கட்டத் தெரிந்தவன், தெரிந்ததை நம்பியதால் போனவன். அவனுடைய கபர் விசாலமாக இருக்க துவா செய்யுங்கள். வேறு சாமி கும்பிடுகிறவர்கள் உங்கள் சாமியிடம் கேளுங்கள். அங்கே அவன் தோளை எதுவும் அமுக்கக் கூடாது என்று கேளுங்கள்.